அடிமரத்தின் மேல் எழுந்த காடு

கனடா தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரத்துக்குப் போய்வந்த நம்மவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று விசாரித்தால், அவர்கள் முதலில் சொல்லுவது பெரும்பாலும் கப்பிலானோ தொங்கு பாலமாகத்தான் இருக்கும். ஜார்ஜ் கிராண்ட் மக்கே என்ற ஸ்காட்லாந்து எஞ்சினியர் 1889-ஆம் ஆண்டில் சணற் கயிற்றையும் சிடார் பலகைகளையும் கொண்டு கட்டுவித்த அந்தப் பாலம், பிற்பாடு இரும்பு வடம் பூண்டு, இன்றைக்கு 140 மீட்டர் நீளமும் 70 மீட்டர் உயரமுமாக நிற்கிறது. அறுபது டாலருக்கு மேல் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களை, கூட்டம் மிகுந்த கோடை நாட்களில், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி அக்கரைக்கும் இக்கரைக்குமாக நடத்துகிறது. அதன் பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் அதற்குக் கிழக்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், லின் ஓடை பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும் மலையிடுக்கில் இன்னொரு தொங்கு பாலம் இருக்கிறது. அதைச் சுற்றி அருவியும் காடும் இருக்கின்றன. அங்கே சீட்டு விற்பவர் யாரும் இல்லை. லின் கேன்யன் பூங்கா என்ற அந்த இடத்தைப் பற்றித்தான் சற்றுச் சாவகாசமாக எழுத விரும்புகிறேன். அங்கே பாலத்தைவிட, அருவியைவிட, என் மனத்தைப் பற்றிக்கொண்டது வேறொன்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து வடகரைக்குப் போவதற்கு 1977 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'சீபஸ்' என்ற பயணிப் படகு இருக்கிறது. பர்ரார்டு கடற்கழியை அது பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கடந்துவிடும். அந்தச் சொற்ப நேரத்துக்குள் பின்னால் கண்ணாடி மாளிகைகளும் முன்னால் கருநீல மலைகளுமாக உலகம் இடம் மாறிவிடுவதைக் காணலாம். அக்கரையில் பேருந்து ஏறினால், வீடுகளும் தோட்டங்களும் நிறைந்த சாதாரணமான தெருக்களின் வழியாக அது மேலேறிப் போகிறது. இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், இத்தனை பெரிய காடு இந்தத் தெருக்களுக்குப் பின்னால் எப்படி ஒளிந்திருந்தது என்று ஆச்சரியப்படும்படியாக, மரங்கள் திடீரென்று நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன.

என்னுடன் வந்தவர்கள் இருவர். ஒருவர் என் சம்பந்தி, தென்காசிக்காரர், மின்வாரியத்தில் கம்பிப் பாதைப் பிரிவில் வெகுகாலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் எனக்கும் பொதுச் சொத்தான பேத்தி மற்றொருத்தி. பள்ளிக்கூடத்திலிருந்து இந்தப் பூங்காவுக்கு முன்னமே வந்திருந்த காரணத்தால் அன்றைய தினம் வழிகாட்டி உத்தியோகத்தைத் தானாகவே ஏற்றுக்கொண்டாள்.

பாலம் வாசலுக்கு வெகு சமீபத்திலேயே வந்துவிடுகிறது. 1912-ஆம் ஆண்டில் பூங்கா திறக்கப்பட்டபோது இதையும் தனியார் ஒருவர் முயற்சியாகக் கட்டினார்கள். அக்காலத்தில் கடப்பதற்குத் தலைக்குப் பத்து சென்ட் வாங்கினார்களாம். இப்போது அது நார்த் வான்கூவர் மாவட்டத்து ஊராட்சியின் சொத்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அகலம். காலுக்குக் கீழே ஐம்பது மீட்டர் ஆழம். அந்த ஆழத்தின் அடியில் பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டும், நுரை அடங்கிய இடங்களில் மரகதப் பச்சையாகத் தேங்கிக்கொண்டும் ஓடை போகிறது. நடுவிடத்துக்கு வந்ததும் பாலம் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக மெல்ல அசைய ஆரம்பித்தது. வடத்தைப் பிடித்த என் கை அதை விடச் சம்மதிக்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சம்பந்தியோ அங்கே நின்று அண்ணாந்து வடங்களையே பரிசீலனை செய்துகொண்டிருந்தார்.

"தொய்வு சரியா விட்டிருக்கான், சம்பந்தி," என்றார். "நம்ம ஆளுங்க கம்பி விறைப்பா இருந்தாத்தான் பலம்னு நினைப்பாங்க. அப்படி இல்ல. எவ்வளவுக்கு எவ்வளவு இழுத்துக் கட்டுதோமோ அவ்வளவுக்கு அவ்வளவு கம்பிக்குள்ள இழுவிசை ஏறும். வளைஞ்சு தொங்கினாத்தான் சுமையைத் தாங்கும். நீங்க பயப்படாம வாங்க."

தொங்கு பாலத்தின் தத்துவம் முழுவதும் அந்த நாலு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. தூண் பாலம் சுமையைக் கீழே மண்ணுக்கு இறக்குகிறது. தொங்கு பாலம் அதை வடத்தின் வழியாக இரு கரைகளிலும் உள்ள பிடிமானங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே ஆழமான பள்ளத்தில் கால் ஊன்ற இடமில்லாதபோது இதைவிடச் சிக்கனமான உபாயம் கிடையாது. அதன் பலவீனம் அசைவுதான். நடக்கிறவர்களின் காலடித் தாளமும் பாலத்தின் இயல்பான ஊசலாட்டமும் ஒன்றோடொன்று இசைந்துவிட்டால், ஒவ்வோர் அடியும் முந்தைய ஆட்டத்தைச் சிறிது சிறிதாக வளர்த்துவிடும். 1831-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே பிராட்டன் தொங்கு பாலத்தின் மீது சிப்பாய்கள் அணிநடை போட்டுப் போனபோது பாலம் முறிந்து விழுந்தது. அது முதல் பாலத்தின் மேல் படைவீரர்கள் அடி கலைத்து நடக்க வேண்டுமென்பது பிரிட்டிஷ் ராணுவத்தில் விதியாயிற்று. பிரான்ஸில் ஆஞ்சேர் என்ற ஊரில் 1850-இல், புயற்காற்று வீசிய ஒரு நாளில், துருவேறிய வடங்களோடு ஒரு பாலம் படையினரைச் சுமந்தபடியே அறுந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லின் ஓடையின் மேல் நிற்கும்போது நினைத்துக்கொள்வதற்கு இவை உகந்த சரித்திரங்கள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். "எல்லாரும் ஒரே மாதிரி குதிச்சா இன்னும் நல்லா ஆடும், தாத்தா!" என்று பேத்தி செயல்முறை விளக்கத்துக்குத் தயாரானாள், அவளைக் கையைப் பிடித்து அக்கரைக்கு நடத்திக்கொண்டு போனோம்.

அக்கரையில் வலப்புறமாகத் திரும்பி ஓடை போகும் திசையிலேயே இறங்கினால் இரட்டை அருவி வரும். மரப்படிகளும் மரத்தால் ஆன நடைபாதையும் கைப்பிடிகளும் அமைத்திருக்கிறார்கள். உயரத்தால் பிரமிக்க வைக்கும் அருவி அன்று அது. ஒடுங்கிய கருங்கல் இடுக்கில் பிரவாகம் முழுவதும் நெருக்கிக்கொண்டு நுழைந்து, ஒரு தட்டில் விழுந்து, மூச்சு வாங்குவதுபோலச் சுழன்று, மறுபடியும் விழுகிறது. கடைசியில் விழும் இடத்தில் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆழமான மடு ஒன்று இருக்கிறது. மேலே குறுக்காகப் போட்டிருக்கும் மரப்பாலத்தில் நின்று பார்த்தால் சாரல் முகத்தில் படுகிறது. பனியுகத்தின் பெரும் பனிப்படலங்கள் சுமார் பன்னிரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பு இந்தப் பிரதேசத்தை விட்டு விலகிய பிறகு, மலையிலிருந்து இறங்கும் நீர் அறுத்து உண்டாக்கிய இடுக்கு இது என்கிறார்கள். புவியியல் கணக்கில் நேற்றைய வேலை.

தென்காசிக்காரரிடம் ஓர் அருவியைக் காட்டிவிட்டு அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்காமல் இருக்க முடியுமா? சிறிது நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தண்ணி நல்ல தண்ணிதான். ஆனா தலை நனையாம பாத்துட்டுப் போறதுக்கு ஒரு அருவியா?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. குற்றாலத்துக்குப் போகிறவன் அருவியைப் பார்க்கப் போகிறானா? அதன் கீழே நின்று, தலையில் ஓங்கி அடிக்கும் ஜலத்தில் மூச்சுத் திணறி, வெளியே வந்து, பசியோடு சாப்பிட்டு, மறுபடியும் போய் நிற்கத்தான் போகிறான். சீசன் என்றாலே ஆனி, ஆடி மாதத்துச் சாரல்தான். அந்தச் சாரலுக்கு உடம்பைக் கொடுக்காதவன் குற்றாலம் போனதாக எங்கள் பக்கத்தில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பழக்கத்தால் எண்ணெயும் சோப்பும் சீயக்காயும் சித்தாற்றில் கலந்து என்ன கதியாயிற்று என்பது வேறு விஷயம். இங்கே அருவி கண்ணுக்கு உரியது. கைப்பிடிக்கு இப்பால் நம் இடம், அப்பால் அதன் இடம். இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. அருவியோடு உறவு கொண்டாட வேண்டுமானால் குற்றாலந்தான். அருவி கெடாமல் இருக்க வேண்டுமானால் இவர்கள் முறைதான். சம்பந்தி இதில் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார்; எந்தப் பாதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குளிக்கக்கூடாதா என்றால், மேலே, பாலத்துக்கு இடப்புறமாகப் போகும் பாதையில், முப்பதடி மடு என்று பெயர் வைத்த ஓர் இடத்தில், கோடையில் ஜனங்கள் நீந்துகிறார்கள். ஆனால் உருகிய பனியின் ஜலம் அது. காலை நனைத்த மாத்திரத்திலேயே எலும்பு வரைக்கும் ஏறிவிடும் குளிர். இப்படிப்பட்ட நீரில் உயரத்திலிருந்து ஒருவன் குதித்தால், உடம்பு தன்னிச்சையின்றி ஒரு பெருமூச்சை இழுக்கும். அந்தக் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால் நெஞ்சுக்குள் போவது காற்றல்ல. மடுவின் அடியில் பாறையும் விழுந்த மரமும் எங்கே கிடக்கின்றன என்பது மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. போன வருஷம் இல்லாத கட்டை இந்த வருஷம் இருக்கும். இந்த மலையிடுக்கில் குதித்து உயிரிழந்த வாலிபர்கள் பலர். அந்தச் செய்தியை மறைக்காமல் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தும், வேலி போட்டும், ஆட்களைக் காவலுக்கு வைத்தும், தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி இறங்கி ஆட்களைத் தூக்கிவர வேண்டிய சந்தர்ப்பம் ஏற்பட்டுக்கொண்டுதான் இருக்கிறதாம். வாலிபத்தின் ஸ்வபாவம் கனடாவிலும் ஒன்றுதான், ஒகேனக்கலிலும் ஒன்றுதான்.

இனி, நான் ஆரம்பத்தில் பிறகு சொல்வதாக வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அருவியை விட்டுக் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோது, பாதைக்குச் சிறிது உள்ளே, பாசி போர்த்த ஒரு சிறு மண்டபம் போன்ற உருவம் தெரிந்தது. சமீபத்தில் போய்ப் பார்த்தால் அது ஒரு மரத்தின் அடிக்கட்டை. நாங்கள் மூவரும் கைகோத்தாலும் அணைக்க முடியாத சுற்றளவு. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் வெட்டியிருந்தார்கள். அதன் இரு பக்கங்களிலும், முகத்தில் கண் வைத்தாற்போல, கோடாலியால் குடைந்த பள்ளம் ஒவ்வொன்று இருந்தது. அந்தப் பள்ளத்தில் ஒரு பலகையின் நுனியைச் செருகி, பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டு, கோடாலியாலும் இருவர் இழுக்கும் நீண்ட ரம்பத்தாலும் மரத்தை அறுத்தார்களாம். கீழேயே வெட்டாத காரணம் என்னவென்றால், இந்த மரங்களின் அடி பாவாடைபோல விரிந்து பருத்திருக்கும். அங்கே நாரும் முறுக்கேறிக் கிடக்கும், பிசினும் மிகுதி. ஆகவே பருமன் சற்று ஒடுங்கும் உயரத்துக்கு ஏறி நின்று வெட்டுவது லாபம். வெட்டிய மரத்தைக் காட்டுக்குள் குறுக்குக் கட்டைகள் பதித்து எண்ணெய் தடவிய பாதையில் எருதுகள் பூட்டி இழுத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த மலையடிவாரம் முழுவதும் இவ்வாறு அறுபட்டது. இங்கே நின்றவை டக்ளஸ் ஃபர், ஹெம்லாக், செந்நிறச் சிடார் ஆகிய விருக்ஷங்கள். 1902-ஆம் ஆண்டில் லின் பள்ளத்தாக்கில் வெட்டிய ஒரு டக்ளஸ் ஃபர் மரம் 415 அடி இருந்ததாகப் பதிவு ஒன்று சொல்லுகிறது. அந்த அளவைச் சந்தேகிக்கும் நிபுணர்களும் உண்டு. இன்று பூமியில் அறியப்பட்ட மிக உயர்ந்த மரம், கலிபோர்னியாவில் நிற்கும் ரெட்வுட் மரம், 380 அடிதான் என்பதை நினைத்தால் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதன் தலைமேல் இன்னொரு விமானத்தை ஏற்றிவைத்தாற்போல ஒரு மரம் நின்றது என்று நம்புவது கடினம். ஆனால் அந்த அடிக்கட்டையின் முன்னால் நிற்கிறவனுக்கு நம்பாமலிருப்பதும் அத்தனை சுலபமாக இல்லை.

அப்படியானால் நாங்கள் அதுவரை அண்ணாந்து பார்த்து வியந்துகொண்டு வந்த மரங்கள்? உச்சியைக் காணக் கழுத்து வலித்த அந்த நெடுமரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயது எண்பதிலிருந்து நூறு வருஷந்தான். என் தகப்பனார் இன்று இருந்தால் அவருக்கு ஆகக்கூடிய வயது. ஆயிரம் வருஷம் வாழக்கூடிய ஜாதியில் இது பால்யம். ஆதிகாலத்து வனம் என்று நாம் நினைத்து நடக்கும் இது, உண்மையில், ஒருமுறை மொட்டையடிக்கப்பட்ட தலையில் வளர்ந்த முடி. பார்க்க வருகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை; தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. எனக்கோ அதைத் தெரிந்துகொண்ட பிறகு பாலம் மறந்துபோயிற்று.

நாங்கள் பார்த்த அடிக்கட்டையின் உச்சியில் ஒரு ஹெம்லாக் மரம் வளர்ந்திருந்தது. அதன் வேர்கள் கட்டையின் நாலு புறத்திலும் வழிந்து இறங்கி மண்ணைப் பற்றியிருந்தன. நம் ஊரில் கோயில் கோபுரத்தின் மேல் முளைத்த அரச மரம் நினைவுக்கு வருவது இயற்கை. ஆனால் அது கோபுரத்தைப் பிளக்கும் பகை, இது வேறு.

"இந்தப் பழைய மரத்துக்கு நர்ஸ்னு பேரு, தாத்தா," என்றாள் பேத்தி. "செத்துப் போச்சு, ஆனா பாப்பா மரத்துக்குச் சாப்பாடு குடுக்குது. எங்க டீச்சர் சொன்னாங்க."

செவிலித் தாய் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் காட்டின் தரையில் பெரணியும் சருகும் அடர்ந்து கிடப்பதால், ஹெம்லாக்கின் நுண்ணிய விதை மண்ணில் விழுந்தால் வெளிச்சமின்றி மடிந்துவிடும். உளுத்த மரத்தின் மேல் விழுந்தாலோ, பாசியின் ஈரமும், கடற்பஞ்சுபோல நீரைத் தேக்கிவைக்கும் மக்கிய மரமும், சிறிது உயரத்தில் இருப்பதனால் கிடைக்கும் வெளிச்சமும் அதைக் காப்பாற்றிவிடுகின்றன. காலப்போக்கில் கட்டை முழுவதும் மக்கி மறைந்துபோகும். அதைத் தழுவி இறங்கிய வேர்கள் மட்டும் நடுவில் ஒரு வெற்றிடத்தை விட்டுக்கொண்டு, பந்தற்கால் போல நிற்கும். சிடார் மரமோ எளிதில் உளுக்காத ஜாதி. அதன் எண்ணெய்ச் சத்து அழுகலைத் தடுக்கிறது. அதனால்தான் நூறு வருஷத்துக்கு முந்தைய கோடாலிப் பள்ளம் இன்னும் மழுங்காமல் தெரிகிறது.

அந்தச் சத்துக்காகத்தான் அது மடிந்தது என்பதும் உண்மை. பிளந்தால் நேராகப் பிளக்கும், மழையில் நனைந்தாலும் கெடாது. கூரை வேய்வதற்கு அதற்கு நிகர் கிடையாது. இந்தக் கரையின் ஆதிக்குடிகளான ஸ்குவாமிஷ், ட்ஸ்லேவாடூத் மக்களும் அந்த மரத்தை நம்பித்தான் வாழ்ந்தார்கள். ஓடமும் வீடும் பேழையும் அதிலிருந்தே. அதன் உட்பட்டையை உரித்து நாராக்கி ஆடையும் கூடையும் முடைந்தார்கள். ஓடத்துக்கு மரத்தைச் சாய்த்தார்கள் என்றாலும், பட்டை வேண்டுமானால் ஒரு கீற்று மட்டும் உரித்துக்கொண்டு மரத்தை நிற்கவிட்டார்கள். பலகைகூட நிற்கும் மரத்திலிருந்தே ஆப்பு வைத்துப் பிளந்து எடுத்ததுண்டு. அவ்வாறு எடுத்த தழும்போடு உயிர் வாழும் மரங்கள் இந்த மாகாணத்தில் இன்றும் இருக்கின்றன. அவர்களும் சிடாரை உபயோகித்தார்கள், பின்னால் வந்தவர்களும் உபயோகித்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லுகிற சரித்திரக்காரரை நான் நம்ப மாட்டேன்.

பூங்கா திறந்தபோது அதன் பரப்பு 12 ஏக்கர்தான். இன்று 617 ஏக்கர். வெட்டி முடித்த நிலத்தில் வீடு கட்டி விற்றால் கிடைத்திருக்கக்கூடிய பணம் அந்த ஊரில் எவ்வளவு என்பது, அங்கே மகளுக்கு வீடு தேடிய சம்பந்திக்குத்தான் தெரியும். அதைச் சும்மா விட்டுவைத்தார்கள். பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை மழையாகக் கொட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வால்பாறைப் பக்கம் நடக்கும் காரியமேதான், மாதம் மட்டும் வேறு. அந்த மழையும், செத்த மரங்களின் உடலும், மனிதன் கை வைக்காத நூறு வருஷமும் சேர்ந்து இந்தக் காட்டை உண்டாக்கின. இதில் மூன்றாவது பொருளைத்தான் அரசாங்கங்களிடமிருந்து பெறுவது கஷ்டம்.

வாசலருகே 1971-இல் தொடங்கிய சூழலியல் நிலையம் ஒன்று இருக்கிறது. குழந்தைகளுக்காக ஏற்பட்டது என்று சொல்லிப் பெரியவர்கள் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள், தவிர்க்கக்கூடாது. அடிக்கட்டையின் கதையும் மரம் வெட்டியவர்கள் ஏறி நின்ற பலகையின் கதையும் அங்கே படங்களோடு கிடைக்கும்.

போகிற அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். சனி, ஞாயிறு மத்தியானங்களில் போனால் பாலத்தில் காட்டைவிட ஜனங்களைத்தான் பார்க்கலாம். வேலை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். மரப்படிகள் ஈரத்தில் வழுக்கும். செருப்பு உதவாது, நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். வயோதிகர்கள் முழங்காலை உத்தேசித்துப் படிகளில் நிதானமாக இறங்க வேண்டும். ஏறுவது அதைவிடக் கஷ்டம். வேலியைத் தாண்டாதீர்கள், உடன் வரும் பிள்ளைகளையும் தாண்டவிடாதீர்கள். பாலத்தைக் கடந்து படம் எடுத்துக்கொண்டதும் திரும்பிவிடாமல், பாதையோரத்தில் கண் வைத்த அடிக்கட்டை ஒன்றையாவது தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.